மோரிக்கு இந்தப் பக்கம்

சந்தாபுரா போகிற ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். யூனிபார்ம் சட்டை, பெல்ட், விசில், டார்ச் எல்லாவற்றையும் கேபின் மேஜைமேல் வைத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்தும் வாங்கிவிட்டேன். எனக்கென்று இருந்தது ஒரு பையும் ஒரு போர்வையும். வெயில் சாய்ந்திருந்தது. பொம்மசந்திராவில் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்கள் வரிசையாகத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போயின. திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். ஒருமுறை பார்த்தேன், என் இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள. யாரும் நிற்கவில்லை. ஆள் மாறுகிற நேரத்தில் கேட் காலியாகக் கிடப்பது தப்பு. சொல்ல அங்கே எனக்கு வேலை இல்லாததால் நடந்தேன்.

செக்யூரிட்டி ஏஜென்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என் அனுபவத்தை எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். ரவுண்டு எப்படிப் போவது, ரிஜிஸ்டர் எப்படிப் போடுவது என்பதெல்லாம் ட்ரெய்னிங்கில் சொல்லியிருப்பார்கள். நான் அதற்குள் போகவில்லை. ஒரு நாள் காலையில் நான் கையை நீட்டிக் காட்டிய ஒரு இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த ஒரு கை நீட்டலைத் திருத்த ஒன்றரை மாதம் ஆனது.

நான் ஏழாவதோடு நின்றவன். ஊத்தங்கரைப் பக்கம். ஆனேக்கல் கல்குவாரி, லாரியில் கிளீனர், தும்கூரில் ஹோட்டல், பொம்மசந்திராவில் கார்மெண்ட்ஸ் கம்பெனி கேட் என்று போய்க்கொண்டே இருந்தேன். ஒரு இடத்தில் இரண்டு வருஷம் தங்கினால் எனக்குக் கால் அரிக்கும். கஷ்டம் என்று தனியாக எதையும் சொல்வதற்கில்லை. குவாரியில் கை உடைந்தது, சேர்ந்துவிட்டது. அவ்வளவுதான்.

இந்த லேஅவுட்டுக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. பெங்களூர் ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே போக வேண்டும். தனி வீடுகளும் இரண்டு அபார்ட்மெண்டும் சேர்ந்த இடம். ஒரே கேட். கேட்டிலிருந்து இறங்கினால் ஒரு ரோடு, அது முடிகிற இடத்தில் ஒரு பெரிய சாக்கடை. மோரி என்று எல்லாரும் சொல்வார்கள். மோரியின் மேல் சின்னப் பாலம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கல் பெஞ்சும் இளநீர் கடையும். மோரிதான் எல்லை. இந்தப் பக்கம் ஒரு போலீஸ் ஸ்டேஷன் லிமிட், அந்தப் பக்கம் வேறொரு ஸ்டேஷன் லிமிட். பேர் வேண்டாம், இரண்டிலும் நல்லவர்கள் இருந்தார்கள்.

கேட்டில் ஒரு போர்டு இருந்தது. ‘திருட்டு நடக்காத நாட்கள்’ என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் எழுதி, கீழே நம்பர் தகடு மாட்ட மூன்று கொக்கி. தொழிற்சாலைகளில் விபத்து நடக்காத நாட்களுக்கு வைப்பார்களே, அதைப் பார்த்து அசோசியேஷன் செக்ரட்டரி செய்தது. காலை ஆறு மணிக்கு நான் செய்கிற முதல் வேலை அந்தத் தகட்டை மாற்றுவது. வாடகைக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்டில் வண்டியை நிறுத்தி அதைப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். புரோக்கர்கள் என்னைக் காட்டி, “பாருங்க, இவர் இருக்கற வரைக்கும் ஈ நுழையாது” என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்தப் போர்டில் இருந்த நம்பர் எப்படி வந்தது என்பதை நான் சொல்லியாக வேண்டும். நான்காவது கிராஸில் ஒரு சைக்கிள் போனது. பூட்டாமல் விட்டது அவர்கள் தப்பு என்று சொல்லி, எழுதாமல் விட்டோம். ஒரு வீட்டில் பகலில் வெளியே காயப்போட்ட ஷூ போனது. நாய் தூக்கியிருக்கும் என்று சொல்லி, அதையும் எழுதவில்லை. கூரியர் பெட்டி ஒன்று போனது. வரவே இல்லை என்று எழுதினோம். இப்படி நாங்கள் எழுதாதவற்றால்தான் அந்த நம்பர் ஏறியது. லேஅவுட் நிஜமாகவே பாதுகாப்பான இடம்தான், அதையும் சொல்ல வேண்டும். போர்டு காட்டிய அளவுக்கு இல்லை என்பதுதான்.

கேட்டுக்கு வெளியே, சுவரை ஒட்டி, தேவகியின் இஸ்திரி வண்டி நிற்கும். ஆம்பூர் பக்கத்திலிருந்து வந்தவள். நாற்பது வயது இருக்கும். புருஷன் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் லோடிங். பாதி லேஅவுட்டின் சட்டைகள் அவள் கையில்தான் மடிந்தன. என் யூனிபார்மைக் காசு வாங்காமல் தேய்த்துத் தருவாள். “கேட்டு வாசல்ல நீ கசங்கி நின்னா என் பொழப்புக்கு கேவலம்ணா” என்பாள்.

அன்று காலை ஏழு ஆகப் பத்து நிமிஷம். நான் கேட்டில் பால் கிரேட் எண்ணி இறக்கிக்கொண்டிருந்தேன். தேவகி கரியைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள், இன்னும் பற்றவைக்கவில்லை. பைக்கில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் போனைக் காட்டி அட்ரஸ் கேட்டான். அவள் குனிந்து பார்த்தாள். அவன் கழுத்தில் கையைப் போட்டு இழுத்தான். அவள் விடவில்லை. இரண்டு அடி இழுத்துக்கொண்டு போனார்கள். சங்கிலி அறுந்தது. பாதி அவள் கையில், தாலியோடு பாதி அவனிடம். பைக் பாலத்தைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. நம்பர் பிளேட்டில் துணி கட்டியிருந்தார்கள். நான் விசில் ஊதிக்கொண்டு ஓடினேன். ஓடியது வீண்.

இதற்கு அப்புறம் நடந்ததைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் இதில் நான் செய்தது எல்லாமே அந்த நேரத்தில் நல்ல காரியம் மாதிரிதான் இருந்தது.

அவள் ரோட்டின் நடுவே உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் தோல் உரிந்து ரத்தம். ஒரு ஸ்கூல் வேன், அதற்குப் பின்னால் ஒரு கார் என்று வண்டிகள் நின்று ஹாரன் அடிக்க ஆரம்பித்தார்கள். முகத்தில் நேராக வெயில். நான் அவளைத் தூக்கி நிறுத்தி, தோளைப் பிடித்து, பாலம் தாண்டி நடத்திக்கொண்டு போய் இளநீர் கடைப் பெஞ்சில் நிழலில் உட்காரவைத்தேன். திரும்பி வந்து அவள் செருப்பு இரண்டையும் எடுத்தேன். ஒன்று வண்டிச் சக்கரத்துக்கு அடியில், இன்னொன்று கேட்டுப் பக்கம். துணி மூட்டை ஒன்று பிரிந்து கிடந்தது, கட்டி எடுத்தேன். கரி சிதறியிருந்தது, டயரில் பட்டு எல்லா வாசலும் கருப்பாகும் என்று விளக்குமாற்றால் கூட்டித் தள்ளினேன். எனக்கு இடம் சுத்தமாக இருக்க வேண்டும். செருப்பையும் மூட்டையையும் அவள் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். ஐந்து நிமிஷத்தில் மோரிக்கு இந்தப் பக்கம் எதுவுமே நடக்காத மாதிரி ஆகிவிட்டது.

செக்ரட்டரி வாக்கிங் ஷூவோடு வந்தார். ரிடையரான பேங்க் ஆபீசர். வேலூரிலிருந்து அவர் தாத்தா காலத்தில் இங்கே வந்த குடும்பம். பேச்சில் பாதி கன்னடம். கெட்டவர் இல்லை. எனக்கு ஜுரம் வந்தபோது டாக்டரிடம் தன் காரில் கூட்டிப்போனவர்.

“ஏன் மாணிக்கம், அங்கயா ஆச்சு?” என்று பெஞ்சைப் பார்த்துக் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. மூச்சு வாங்கியது, அது ஒரு காரணம். இன்னொரு காரணம், அன்று காலைதான் தகட்டை மாற்றியிருந்தேன்.

“பாவம்” என்றார். “மோரிக்கு அந்தப் பக்கம் லைட்டும் இல்ல, கேமராவும் இல்ல. எத்தன தடவ சொல்லிட்டேன், பஞ்சாயத்துக்காரங்க கேக்கறதில்ல.”

எங்கள் பக்கத்துக் கம்பத்திலும் கேமரா பெட்டி மட்டும்தான் இருந்தது. ரோடு தோண்டியபோது அறுந்த ஒயரை யாரும் சேர்க்கவில்லை. அதையும் நான் சொல்லவில்லை.

பைக்கில் ஒரு கான்ஸ்டபிள் வந்தார், இந்தப் பக்கத்து ஸ்டேஷன்காரர். தேவகி அழுதுகொண்டே இளநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவர் என்னைப் பார்த்து, “எல்லி ஆயித்து?” என்றார். எங்கே நடந்தது என்று கேட்டார்.

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் கையை நீட்டினேன். அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சைக் காட்டினேன்.

வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நினைத்து அப்புறம் ஒரு வாரம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கான்ஸ்டபிள் தன் லிமிட் இல்லை என்று தேவகியிடம் சொல்லி, அந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகச் சொன்னார். அவள், “வண்டிகிட்ட சார்...” என்று ஆரம்பித்தாள். “ஹோகம்மா, அங்கே எழுதிக்குவாங்க” என்றார். எந்த ஸ்டேஷனில் எழுதினால் என்ன என்று அவளும் எழுந்து போனாள். அன்று ரிஜிஸ்டரில் நான் ‘நில்’, அதாவது ஒன்றும் இல்லை, என்று எழுதினேன். மறுநாள் காலை தகட்டில் ஒரு நாள் ஏற்றினேன்.

அந்தப் பக்கத்து ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு இடம் பார்க்க வந்தார். இளநீர் கடைக்காரர் நேர்மையான ஆள். “இங்கே ஒண்ணும் நடக்கல சார். அந்த அம்மாவ செக்யூரிட்டி நடத்திக் கூட்டிட்டு வந்தான். நான் காய் வெட்டிக் கொடுத்தேன்” என்று கன்னடத்தில் சொல்லிவிட்டார். பொய்யான இடத்தைச் சொல்லி எழுதச் சொல்கிறாயா என்று தேவகிக்கு அங்கே திட்டு. அவள் இந்தப் பக்கத்து ஸ்டேஷனுக்கு வந்தாள். “உங்க செக்யூரிட்டியே அங்கதான்னு காட்டினானே” என்றார்கள். இப்படி மூன்று நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் வண்டி நிற்கும், துணி தேங்கும், வீட்டுக்காரர்கள் என்னிடம் வந்து, “என்னப்பா, இஸ்திரிக்காரி லீவா?” என்பார்கள். எந்த ஸ்டேஷனிலும் புகாரை எழுதிக்கொள்ளலாம் என்று சட்டம் இருப்பதாகப் பின்னால் ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். சட்டம் இருந்தது. தேவகிக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

நான்காவது நடையை அவள் போகவில்லை. மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தாள். அறுந்த பாதிச் சங்கிலியை ஒரு கர்ச்சீப்பில் முடிந்து ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். அந்த வீட்டில் இருந்த ஒரே தங்கம் அது. என் சட்டையை முன்போலவே தேய்த்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை குறைவாகப் பேசவில்லை. அது எனக்குச் சிரமமாக இருந்தது.

இங்கே ஒருத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கார்மெண்ட்ஸ் கம்பெனி கேட்டில் இருந்தபோது அங்கே ஒரு பெண் கார்டு. என்னைவிட இருபது வயது சின்னவள். பேர் மறந்துவிட்டது என்பது நிஜம். ஒருநாள் லாரி ரிவர்ஸ் எடுக்கும்போது ஒரு தையல்காரப் பெண்ணின் காலில் ஏறிவிட்டது. எல்லாரும் அந்தப் பெண்ணைத் தூக்க ஓடினோம். இவளும் ஓடினாள். ஆனால் தூக்குவதற்கு முன்னால் தன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி, அந்தப் பெண் விழுந்த இடத்தில் கீழே வைத்தாள். அப்புறம் தூக்கினாள். மதியம் மேனேஜர் வந்து, விபத்து கேட்டுக்கு வெளியே ரோட்டில் நடந்தது, கம்பெனிக்குச் சம்பந்தமில்லை என்றார். இவள், “சார், என் தொப்பி இன்னும் உள்ளதான் கெடக்குது” என்றாள். மேனேஜர் போய்ப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் அப்போது சிரித்தேன், என்ன பெண்ணடா இவள், ஒருத்தி காலொடிந்து கிடக்கிறாள், இவள் தொப்பியைக் கழற்றுகிறாள் என்று. லேஅவுட்டில் கரியைக் கூட்டும்போது எனக்கு அது ஞாபகம் வரவில்லை. இரண்டாவது வாரம் ஞாபகம் வந்தது. உங்களுக்கு நேரத்துக்கு ஞாபகம் வரட்டும். அடிபட்டவரை எத்தனை அவசரமாக வேண்டுமானாலும் தூக்குங்கள். தூக்கிய இடத்தில் உங்களுடையது ஏதாவது ஒன்று கிடக்கட்டும்.

ஒன்றரை மாதம் கழித்து அந்த இரண்டு பேரும் வேறெங்கோ ஒரு பெண்ணிடம் பறிக்கும்போது பிடிபட்டார்கள். அவர்கள் ரூமில் நிறைய நகை. இந்தப் பக்கத்து ஸ்டேஷனில் ஒரு மேஜைமேல் பரப்பி, புகார் கொடுத்தவர்களை வந்து அடையாளம் காட்டச் சொன்னார்கள். ஒரு வீட்டுக்காரம்மா போனில் படம் பார்த்துவிட்டுத் தேவகியிடம் சொல்ல, அவள் போனாள். திரும்பி வந்து வண்டியைத் திறக்காமல் நேராகக் கேட்டுக்கு வந்தாள்.

“இருக்குதுண்ணா” என்றாள்.

“எது?”

“தாலிதான். ரெண்டு குண்டு, ஒரு பவளம், லட்சுமி காசுல ஒரு ஓரம் நசுங்கி. நான் கர்ச்சீப்ப அவுத்து இந்தப் பாதிய எடுத்து அந்தப் பாதிகிட்ட வச்சேன். அறுந்த கண்ணி அப்படியே சேந்துச்சு. அங்க புதுசா வந்திருக்கற மேடம் பாத்தாங்க. பக்கத்துல இருந்த போலீஸெல்லாம் பாத்தாங்க.”

“அப்புறம் என்ன?”

“கேஸ் நம்பர் என்னன்னு கேட்டாங்க.”

நான் திறந்திருந்த ரிஜிஸ்டரை மூடி வைத்தேன்.

“நம்பர் இல்லாத நகையெல்லாம் சனிக்கிழம கோர்ட்டுக்குப் போயிருமாம். அங்க போனா யாரோடதுன்னு யாருக்கும் தெரியாது, வருசக்கணக்குல கெடக்குமாம். இப்பவே எழுதித் தரேன், ஆனா எங்க நடந்துச்சுன்னு பாத்தவங்க ஒருத்தர் வந்து சொல்லணும்ங்கறாங்க. ஏற்கனவே ஒரு எடம் காட்டியிருக்குதே, அத மாத்தணும்ல.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நீ பொய் ஏதும் சொல்ல வேணாம்ணா. அன்னிக்கு ஒரு பக்கம் கைய நீட்டுன. இப்ப இந்தப் பக்கம் நீட்டணும். அவ்ளோதான்.”

அன்று வெள்ளிக்கிழமை.

செக்ரட்டரியிடம் சொல்லாமல் கேட்டை விட்டுப் போக முடியாது. போய்ச் சொன்னேன். காபி கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் கூட்டம் இருந்தது. அவர் பிரசிடெண்டுக்கு நிற்கிறார். போர்டுதான் அவருடைய பெரிய சாதனை, நோட்டீஸில் போட்டோவே போட்டிருந்தார்.

“நோடு மாணிக்கம், இதப் பாரு, நான் வேணாம்னு சொல்லல. திங்கக்கிழமை நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்.”

“சனிக்கிழம கோர்ட்டுக்குப் போயிருதாம் சார்.”

“கோர்ட்டுல இருந்தா எங்க ஓடிப்போகும்? சேஃபாத்தானே இருக்கும்?”

“அது அவ கழுத்துல இருந்தப்பவும் சேஃபாத்தான் சார் இருந்துச்சு, நம்ம போர்டு சொல்றபடி.”

இப்படிப் பேசுகிறவன் இல்லை நான். வாயில் வந்துவிட்டது. அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அன்னிக்கு நீதானேப்பா அங்க காட்டின? நானா காட்டச் சொன்னேன்?”

அவர் சொன்னது சரி. அவர் சொல்லவில்லை. ஒருவர் சொல்லாமலே அவருக்கு வேண்டியதைச் செய்வதுதான் இந்த வேலையில் நல்ல பேர் வாங்கித் தரும். என்னைக் கேட்டில் நிற்கவைத்த காரணமும் அதுதான். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தப்பு நடந்த பிறகு அவர் சொல்லவில்லை என்பது மட்டும்தான் மிச்சமிருக்கும்.

“ஆமா சார், நான்தான் காட்டினேன். அதனாலதான் நான் போறேன்” என்றேன். இன்னொரு கார்டைக் கேட்டில் நிறுத்திவிட்டு, தேவகியோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வழியில் அவள் பேசவில்லை. ஒரு இடத்தில் மட்டும், “வேலைக்கு ஆபத்தாண்ணா?” என்றாள். தெரியலை என்றேன். “எங்க வண்டிக்கும்தான்” என்றாள்.

அந்த சப்-இன்ஸ்பெக்டர் மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. கோலார் பக்கம் போல, தமிழ் நன்றாக வந்தது.

“ஒன்றரை மாசம் என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“கேட்டுல நின்னுட்டிருந்தேன் மேடம்.”

“தமாஷா? அன்னிக்குப் பொய் சொன்னீங்கன்னு எழுதட்டுமா?”

“சொல்லல மேடம். காட்டினேன்.”

“காட்டறதும் சொல்றதுதான்.” பேனாவைத் திறந்தார். “உங்கமேலயே கேஸ் போட முடியும், தெரியுமா?”

“தெரியாது. போடறதுன்னா போடுங்க. முதல்ல இவங்களுத எழுதிருங்க.”

இந்த இடத்தில் நான் தைரியமாக இருந்தேன் என்று நினைக்க வேண்டாம். வாசல் எந்தப் பக்கம் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அவர் எழுத ஆரம்பித்தார்.

மத்தியானம் ஜீப்பில் இடம் பார்க்க வந்தார்கள். கேட்டுத் தூணிலிருந்து டேப் பிடித்தார்கள். நான் நின்று, “இங்க” என்றேன். தேவகி, “இன்னும் ரெண்டு அடி இப்படி” என்றாள். அவள் சொன்னதுதான் சரி. ஒரு போலீஸ்காரர் அந்த இடத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டார். பால்கனிகளில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு அம்மா மேலேயிருந்து, “நம்ம கேட்டுலயா? எப்போ?” என்று கேட்டார். அன்று சாயங்காலமே நான்கு பேர் செக்யூரிட்டி கேபினுக்கு வந்தார்கள். கோபமாக வருகிறார்கள் என்று நினைத்தேன். ஒருவர் சைக்கிள் போனதைச் சொன்னார். ஒருவர் ஷூவைச் சொன்னார். ஒரு பெரியம்மா, போன வருஷம் வாக்கிங் போகும்போது ஒரு பைக் தன்னை உரசிக்கொண்டு நின்று நின்று போனதைச் சொன்னார். ‘நம்ம லேஅவுட்ல அதெல்லாம் நடக்காது’ என்று வீட்டில் சொன்னார்களாம். எல்லாவற்றையும் ரிஜிஸ்டரில் தேதி போட்டு எழுதினேன். ஒரு பக்கம் நிறைந்தது. அத்தனை நாளும் இதெல்லாம் இருந்தது, தாளில்தான் இல்லை.

ஸ்டேஷனில் தேவகிக்கு ஒரு தாள் கொடுத்தார்கள். மேலே நம்பர். கன்னடம் அவளுக்குப் படிக்க வராது, நம்பர் தெரியும். அதை விரலால் தொட்டு ஒருமுறை படித்தாள். மடித்து, கர்ச்சீப்போடு வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்து, “இத அன்னிக்கே காட்டியிருந்தா என் மூணு நட மிச்சம்ணா” என்றாள். நன்றி என்று எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் கஷ்டமாக இருந்திருக்கும். நகை கோர்ட் வழியாக அவள் கைக்கு வர இன்னும் சில மாதம் ஆனதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். ஆசாரியிடம் இரண்டு பாதியையும் பற்றவைத்துப் போட்டுக்கொண்டாளாம். அவள் வண்டியை எடுக்கச் சொல்ல அசோசியேஷனில் பேசிப் பார்த்தார்கள். தேய்க்காத சட்டையோடு ஆபீஸ் போக முடியாது என்று பெண்கள் குழு எதிர்த்துவிட்டது.

எனக்காக எதிர்க்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு முன்னால் போர்டைக் கழற்றிப் பம்ப் ரூமில் வைத்தார்கள். செக்ரட்டரி தோற்கவில்லை, ஜெயித்தார். திங்கட்கிழமை மதியம் என் ஏஜென்சி சூப்பர்வைசர் போன் செய்தார்.

“கிளையண்ட் ஆள மாத்தச் சொல்றாங்க மாணிக்கம். என்ன பண்ணின?”

“ஒரு திருட்ட எழுதினேன் சார்.”

“வேற இடமும் இப்ப இல்ல. சட்டைய கொடுத்துட்டு போ, பாக்கலாம்.”

அப்படித்தான் சந்தாபுரா ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தெரிந்த ஒருவர் ரூமில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். வேலை போன நாட்களில் எனக்கு எப்போதும் தூக்கம் வரும், மறுநாள் புது ஊரோ புது இடமோ என்பதால் இருக்கலாம்.

காலையில் குளித்துவிட்டு ஆனேக்கல் ரோட்டில் இருந்த இன்னொரு ஏஜென்சி ஆபீஸுக்குப் போனேன். ஆள் எடுக்கிறவர் வயதானவர், மூக்குக் கண்ணாடி. முன்னால் ஒரு விண்ணப்பப் பாரம். பேர், ஊர், ஆதார், எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். தலையைத் தூக்காமல் அடுத்ததையும் கேட்டார்.

“முந்தின இடத்துல உங்க டியூட்டில திருட்டு ஏதாவது?” கேட்டுக்கொண்டே ‘இல்லை’ என்று எழுதப் பேனாவை வைத்துவிட்டார்.

“ஆமா சார்.”

பேனா நின்றது. “என்ன ஆமா?”

“செயின் பறிப்பு ஒண்ணு. கேட்டுத் தூணிலிருந்து இருபது அடிக்குள்ள. நான் பக்கத்துலதான் இருந்தேன். சைக்கிள் ஒண்ணு, ஷூ ஒரு ஜோடி, கூரியர் பெட்டி ஒண்ணு.”

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

“பதினஞ்சு வருசமா இந்தக் கேள்விய கேக்கறேன். எல்லாரும் இல்லன்னுதான் சொல்லியிருக்காங்க. இந்த பாரத்த எல்லாம் கட்டி வச்சுப் பாத்தா பெங்களூர்ல திருட்டே நடக்கல.” உள்ளே திரும்பி, “ஏம்மா, அந்த ஏரிப் பக்கத்து அபார்ட்மெண்ட் பின்கேட்டுக்கு ஆள் கெடச்சுதா?” என்று கேட்டார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், “யாரும் நிக்க மாட்டேங்கறாங்க சார், போன மாசம் ரெண்டு வீட்டுல உடைச்சிருக்காங்க” என்றது.

“உடைச்சத ரிஜிஸ்டர்ல போட்டாங்களா?”

“அதான் தெரியல சார். ரிஜிஸ்டரே காலியா இருக்காம்.”

அவர் என் பக்கம் திரும்பினார்.

“சட்டை என்ன சைஸு?”

“நாப்பத்திரண்டு” என்றேன்.